ஓ.இ.டி. எழுதப் போகும் நர்ஸ்களுக்கு

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. கேட்கும் ஆங்கிலத் தகுதிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொதுவான ஆங்கிலத் தேர்வை எழுதலாம், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யும் எழுதலாம். முதலாவதில் போக்குவரத்து, சுற்றுச்சூழல் என்று எதைப் பற்றியும் கட்டுரை கேட்பார்கள். ஓ.இ.டி.யில் எல்லாமே மருத்துவம் சார்ந்த விஷயம். ஃபீஸ் கூடுதல்தான். ஆனாலும் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடு, அதாவது 500க்கு 350 வேண்டும். ரைட்டிங்கில் சி பிளஸ் போதும், 300.

மார்க் குறைவாகக் கேட்கிறார்களே என்று ரைட்டிங்கை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கொடுத்து, அதிலிருந்து 180 முதல் 200 வார்த்தைக்குள் கடிதம் எழுதச் சொல்வார்கள். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், பிறகு 40 நிமிடம் எழுத. டியூட்டி மாறும்போது ஒன்றுவிடாமல் ஹேண்ட்ஓவர் கொடுத்தே பழகியவர்கள் நாம். இங்கே அந்தப் பழக்கமே மார்க்கைக் குறைக்கும். இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் பாட்டி என்று வையுங்கள். கடிதம் கம்யூனிட்டி நர்ஸுக்கு என்றால் புண் பராமரிப்பு, சுகர், வாக்கர் எல்லாம் வர வேண்டும். சமூக சேவகருக்கு என்றால் வீட்டில் யார் துணை, சமையலுக்கு யார் என்பதுதான் முக்கியம். ஹீமோகுளோபின் அளவை வைத்து அவர் என்ன செய்வார்? எப்போதோ எடுத்த குடல்வால் இருவருக்கும் தேவையில்லை. எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிட வேண்டும். மனப்பாட டெம்ப்ளேட்டை நம்பாதீர்கள்.

ரீடிங் பார்ட் ஏ: 15 நிமிடம், 20 கேள்வி, நான்கு சின்னப் பகுதிகள். உட்கார்ந்து படித்தால் தொலைந்தோம். கேள்வியைப் பார்த்து விடையைத் தேட வேண்டும். எழுத்துப் பிழைக்கு மார்க் போகும், பகுதியில் உள்ள வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.

லிசனிங்கில் ஆடியோ ஒரே ஒரு தடவைதான். ஒரு கோடிட்ட இடம் விட்டுப்போனால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் 5 நிமிடம் போல. எதிரில் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுபவர் மார்க் போடுவதில்லை. ரெக்கார்டிங்கை வேறு ஆட்கள் கேட்டுப் போடுவார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். நம்மவர்கள் தடுமாறுவது ஆங்கிலத்தைவிட வேறொன்றில். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் 'இந்த மாத்திரை ரெண்டு வேளை, அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இங்கே நோயாளிக்கு என்ன பயம், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும். அதற்கென்றே மார்க் இருக்கிறது. ஹாஸ்டல் தோழியை உட்கார வைத்து, இன்சுலின் வேண்டாம் என்று அடம்பிடிக்கச் சொல்லுங்கள். திட்டாமல் அவளைச் சம்மதிக்க வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.