நான்கு குதிரைகளில் மூன்று முடிந்தன: ஆறாவது வாரம்

பழைய ஸ்பானியக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் நான்கு குதிரைகள் பாயும் படப் பக்கத்தைப் பார்த்து, அந்தக் கால முறையிலேயே கையால் வரைகிறேன். ஆறு வாரமாக அந்த ஒரே பக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளை, சிவப்பு, கறுப்புக் குதிரைகள் முடிந்துவிட்டன, நான்காவது இன்னும் பென்சில் கோடாகத்தான் நிற்கிறது.

வடக்கு ஸ்பெயினில் லியேபானா மலைப்பகுதியில் இருந்த பெயாத்துஸ் என்ற துறவி, 776 வாக்கில் விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஓர் உரை எழுதினார். உலக முடிவைச் சொல்லும் அந்த நூலில்தான் இந்த நான்கு குதிரைகளும் வருகின்றன. பெயாத்துஸின் உரையை அடுத்த சில நூற்றாண்டுகள் மடம் மடமாகப் படங்களோடு பிரதியெடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது 1047இல் லெயோன் அரசர் முதலாம் பெர்னாண்டோவுக்கும் அரசி சாஞ்சாவுக்கும் ஃபகுண்டோ என்ற எழுத்தர் எழுதிய பிரதி. மாட்ரிட் தேசிய நூலகம் அதை இணையத்தில் வைத்திருக்கிறது.

முதலில் மை. நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, கருவேலம் பிசின் மூன்றும் கிடைத்தன. மாசிக்காய் காயே இல்லை, ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் விளையும் முடிச்சு. ஐரோப்பிய மடங்களிலும் இந்த முடிச்சுகளை இடித்துத்தான் மை காய்ச்சினார்கள். இரண்டு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அன்னபேதியைப் போட்டதும் டீ நிறத்தில் இருந்த தண்ணீர் சட்டென்று கறுத்தது. எழுதும்போது வெளிர் சாம்பலாகத்தான் இறங்கியது. எல்லாம் வீணாகிவிட்டதோ என்று படுக்கப்போனேன், காலையில் பார்த்தால் காற்றுப்பட்டு எழுத்தெல்லாம் கருகருவென்று நிற்கிறது!

அப்புறம் வண்ணம். அந்தக் காலத்தில் மஞ்சளுக்கு அரிதாரம் என்ற கனிமம், சிவப்புக்கு ஈயச் செந்தூரமோ சாதிலிங்கமோ அரைத்தார்கள். ஒன்றில் ஆர்சனிக், ஒன்றில் ஈயம், ஒன்றில் பாதரசம். வீட்டில் குழந்தை இருப்பதால் மூன்றையும் தொடவில்லை, விஷமில்லாத நிறப்பொடிகளைப் பிசினில் குழைத்துக்கொண்டேன்.

குதிரைகள்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை, பின்னணிப் பட்டைகள்தான். இந்தப் படங்களில் வானமும் இல்லை, நிலமும் இல்லை. பக்கத்தின் குறுக்கே அகலமான வண்ணப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும், அவற்றின்மேல் குதிரைகள் பாயும். நிழல், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாததால் தூரிகை ஒரு இடத்தில் தயங்கினாலும் அந்தத் தயக்கம் அப்படியே தெரிந்துவிடுகிறது. முதல் மஞ்சள் பட்டையில் பிசின் அதிகமாகி, காய்ந்ததும் வறண்ட குளம்போல வெடித்தது. சுரண்டி எடுத்துவிட்டு, பிசினைக் குறைத்து இரண்டு சொட்டுத் தேன் விட்டேன், அப்புறம் வெடிக்கவில்லை. இந்த ஓவியர்களுக்கு ஆழம் காட்டத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உலகம் முடியப்போகும் கதைக்கு மரம், மலை, தூரம் எதற்கு?

மூன்றாவது வாரம் முதுகு பிடித்துக்கொண்டபோது எமெத்தேரியோவை நினைத்துக்கொண்டேன். தாபரா மடத்தில் தன் ஆசிரியர் மாயியோ 968இல் இறந்தபின், அவர் விட்டுப்போன இன்னொரு பெயாத்துஸ் பிரதியை 970இல் முடித்தவர் இவர். உயர்ந்த கல்கோபுரத்தில் மூன்று மாதம் குனிந்தே உட்கார்ந்ததில் உடம்பெல்லாம் நொந்துபோனதைக் கடைசியில் எழுதியே வைத்திருக்கிறார். அந்தக் கோபுரத்தையும் அதில் எழுதிக்கொண்டிருப்பவர்களையும் அதே பிரதியில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய முதுகுவலி! அன்றைக்கு அது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

சரி, நான்காவது குதிரை. தமிழ் வேதாகமம் அதை ‘மங்கின நிறமுள்ள’ குதிரை என்கிறது, அதன்மேல் இருப்பவன் மரணம். கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லோ பசும்புல்லுக்கும் வரும் சொல். திரையை நம்பலாம் என்றால் போனில் ஒரு நிறம், லேப்டாப்பில் ஒரு நிறம். மஞ்சளில் துளி அவுரி நீலமும் வெள்ளையும் சேர்த்து ஒன்பது மாதிரி தீட்டிக் காயவைத்திருக்கிறேன். ஆறாவதுதான் சரியாக வரும்போலத் தெரிகிறது. நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூரிகை வைக்க வேண்டும்.