மரத்துப்போவது வேறு, ஆறுவது வேறு

கிராம்பு எண்ணெயை ஈறுகளில் அப்படியே தடவாதீர்கள். அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் வலியை மரக்கச் செய்யும். எதிலும் கலக்காமல் போட்டால் திசுவையே சுட்டுப் புண்ணாக்கிவிடும். 5 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 1 சொட்டு போதும். எச்சில் பட்டால் மருந்து நிற்காது, அதனால் முதலில் சுத்தமான துணியால் ஈறை ஒற்றி உலர்த்திவிட்டு, பஞ்சுக்குச்சியால் லேசாகத் தடவுங்கள். விழுங்கக் கூடாது; சிறு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வலி, அதை உணர்பவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிகிற ஒன்று. எந்தக் கருவியும் அதை வெளியிலிருந்து பார்த்துவிட முடியாது. ஈறுநோயோ நேர் எதிர்! உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், உணர்வுக்கு எட்டவே எட்டாது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் 4 மில்லிமீட்டரைத் தொட்டதா என்பதை மருத்துவரின் அளவுகோல்தான் சொல்லும். பல்லில் படிந்து இறுகிப்போன அழுக்கான பற்காரை எந்தத் தைலத்துக்கும் கரையாது. 2 வாரம் கழித்தும் ஈறில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.