கேரல் இரவுக்கு ஒருவாய்ப் பலகாரம்

கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருகிற கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் தெருவுக்கு வந்து சேர இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். டிசம்பரில் அந்த நேரத்துக்கு ஊட்டியில் வாசலில் நிற்பது என்றால் என்ன என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். இருபத்தைந்து முப்பது பேர், எல்லோரும் குல்லாவும் மப்ளருமாய். ஒரு கையில் பாட்டுப் புத்தகமோ டார்ச்சோ இருக்கும், இன்னொரு கையில் டீ டம்ளர். போன வருடம் பிளம் கேக்கைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். பாதி உதிர்ந்து சால்வையில் கிடந்தது, பாதி தரையில். கிதார் வைத்திருந்த பையன் கடைசிவரை சாப்பிடவே இல்லை. பாவம், அவனுக்குக் கையே காலியாக இல்லை.

அதனால் இந்த வருடம் எல்லாமே ஒரு வாய் அளவில் செய்வது என்று முடிவு. டீயும், மொறுமொறுவென்ற ஊட்டி பிஸ்கட்டான வர்க்கியும் கொடுத்தாலே யாரும் குறை சொல்லப்போவதில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. ஆனால் அது பேக்கரியில் வாங்குவது. கிறிஸ்மஸுக்கு அடுப்படியில் நாம் ஏதாவது கிண்டவில்லை என்றால் எனக்கு மனசு ஆறாது. குட்டி கப் கேக், பால் டாஃபி, மக்ரூன் என்று மூன்று வகை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி மலையேறி ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் மளிகைக்கடையில் 'சீனி' என்றுதான் கேட்கிறேன், கடைக்காரர் 'சர்க்கரையா?' என்று கேட்டுவிட்டு எடுத்துத் தருவார்.

நவம்பர் கடைசி ஞாயிறு: கப் கேக்.

அம்மாவின் அளவு எனக்கு மனப்பாடம். மைதா, வெண்ணெய், சீனி மூன்றும் நூறு நூறு கிராம், முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். இருபத்துநான்கு குழி உள்ள குட்டித் தட்டு வாங்கி வைத்திருந்தேன். முதல் தடை வெண்ணெய். காலையில் அடுப்படி 11 டிகிரி. வெளியே எடுத்து வைத்தால் இளகும் என்பதெல்லாம் கடற்கரை ஊர்க் கணக்கு. இங்கே பிரிட்ஜுக்கு உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் கிடையாது. குளிக்க வெந்நீர் போட்ட அண்டா மூடிமேல் கிண்ணத்தை வைத்து இளக்கினேன்.

ஓவனில் எல்லாம் அழகாக எழும்பியது. எட்டாவது நிமிடம் குனிந்து பார்க்கிறேன், கும்மென்று தலை தூக்கி நிற்கிறது. பன்னிரண்டாவது நிமிடம் மொத்தமும் நடுவில் இறங்கிவிட்டது. தட்டை வெளியே எடுத்ததும் அத்தை சொன்னது: "பல்லாங்குழிப் பலகை மாதிரி இருக்கும்மா. புளியங்கொட்டை எடுத்துட்டு வரவா?"

காரணம் தேடிப் படித்தேன். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் தூத்துக்குடிக் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான் இங்கே. மேலேயிருந்து அமுக்குகிற காற்று குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் விடுகிற வாயு அளவுக்கு மீறி உப்புகிறது. மாவு வெந்து கெட்டிப்படும் முன்பே குமிழ்கள் உடைந்து மொத்தமும் உட்கார்ந்துவிடும். சீனி அதிகம் இருந்தாலும் மாவு கெட்டிப்படத் தாமதமாகும்.

இரண்டாம் தடவை பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு, சீனி 85 கிராம், பால் இரண்டு ஸ்பூன் கூடுதல், ஓவன் 170க்குப் பதில் 180. மேல்பக்கம் கொஞ்சம் தட்டையாக வந்தது, ஆனால் குழி இல்லை. போதும். பல்லாங்குழிகளைத் தூக்கிப் போட மனசில்லாமல் டப்பாவில் அடைத்து பிரீசரில் தள்ளினேன்.

டிசம்பர் 3: பால் டாஃபி.

இதற்காகவே சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வரவழைத்திருந்தேன். செய்முறையில் 118 டிகிரி. பாலும் சீனியும் சுண்டச் சுண்டக் கிளறி, 118 காட்டியதும் இறக்கினேன். நெய் தடவிய தட்டை இழுப்பதற்குள் கரண்டியோடு சேர்ந்து இறுகிவிட்டது. அம்மிக் குழவியால் உடைத்தோம். வாயில் போட்டால் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை.

தெர்மாமீட்டர் மேல் சந்தேகம். கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். தளதளவென்று கொதிக்கிறது, முள் 93க்கு மேல் நகரமாட்டேன் என்கிறது. ஓட்டைச் சாமானை தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே, திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே சொன்னாள்: "அம்மா, நம்ம ஊர்ல தண்ணி நூறுல கொதிக்காது."

ஒன்பது வருடமாக இதே ஊரில் பருப்பு வேக ஒரு விசில் கூடுதலாக விட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

பாகின் சூடு என்பது உண்மையில் அதில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதன் கணக்கு. தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறும். 300 மீட்டர் மேலே போனால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். இங்கே தண்ணீருக்கே ஏழு டிகிரி குறைகிறது என்றால் பாகுக்கும் ஏழைக் கழிக்க வேண்டும். கீழே 118 என்றால் ஊட்டியில் 111. நான் 118 வரை விட்டது கடற்கரைக் கணக்கில் 125. இறுகாமல் என்ன செய்யும்?

அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. "கிண்ணத்துல தண்ணி வச்சு ஒரு சொட்டு விடு. உருட்டினா உருளணும், அமுக்கினா அமுங்கணும். அவ்வளவுதான்." அந்தச் சோதனை பாகின் கெட்டியை நேராகப் பார்ப்பதால் மலைக்கும் கடலுக்கும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் கூடவே சொன்ன ஒரு விஷயத்தை எந்தச் செய்முறையிலும் பார்த்ததில்லை: "குழாய்த் தண்ணிய அப்படியே எடுக்காத, கொஞ்சம் வெந்நீர் கலந்துக்கோ." டிசம்பர் விடிகாலைக் குழாய்த் தண்ணீர் விரலை மரக்க வைக்கும், அதில் விட்டால் இளம்பாகுகூட முற்றிய பாகு மாதிரி விறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். அப்படிக் கலந்து செய்தது சரியாக வந்தது. தெர்மாமீட்டரையும் பக்கத்திலேயே வைத்திருந்தேன்: 110, 111 என்று ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தேடியதற்காக அதனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சூடு இருக்கும்போதே நெய் தடவிய கத்தியால் அரை அங்குலச் சதுரங்கள் போட்டுவிட வேண்டும். ஆறினால் வெட்டு நேராக வராது.

டிசம்பர் 6: மக்ரூன், முதல் தோல்வி.

இதுதான் எனக்கு மானப் பிரச்சினை. தூத்துக்குடிக்காரி மக்ரூன் போடத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, வேறொன்றும் இல்லை. போர்த்துகீசியர் வழி வந்த பலகாரம் என்பார்கள். அவர்களுடைய பாதாம் எங்கள் ஊரில் முந்திரி ஆகிவிட்டது. அந்த முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். வாயில் போட்டால் நொறுங்கி, கரைந்து, கடைசியில் முந்திரி மட்டும் நாக்கில் நிற்க வேண்டும். மேலே கூம்பி நிற்கும் முனையை எங்கள் வீட்டில் 'மூக்கு' என்போம்.

வெள்ளைக்கரு 3, சீனி 200 கிராம், முந்திரி 150 கிராம். சீனியை வீட்டிலேயே பொடித்தேன். முந்திரியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும், தொடர்ந்து ஓடினால் சூட்டில் எண்ணெய் விட்டுவிடும். எண்ணெய் பட்ட நுரை அமுங்கிவிடும்.

அன்று காலையிலிருந்து மூடுபனி, எதிர்வீட்டு கேட் தெரியவில்லை. 110 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் வைத்தேன். எடுத்தபோது மொறுமொறுவென்றுதான் இருந்தது. ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் எல்லாம் பிசுபிசுவென்று தட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. தொட்டால் விரலோடு நூல் இழுக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வானம் எப்பிடி இருந்துச்சு?"

"ஒரே மிஸ்ட்டும்மா."

"ஏட்டி, நம்ம ஊர்லயே மழ மேகமா இருந்தா யாரும் மக்ரூன்ல கை வைக்க மாட்டாவ. நீ மேகத்துக்குள்ளயே உக்காந்துகிட்டு போட்டிருக்க."

இரண்டாவது தடவை, 9ஆம் தேதி. வெயில் இருந்தது, ஆனால் நுரையை அடித்துத் தீர்த்துவிட்டேன். கிண்ணத்தைக் கவிழ்த்தால் விழக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான்; இங்கே அந்த அளவுக்கு அடித்தால் ஓவனுக்குள் குமிழ்கள் மேலும் உப்பி வெடிக்கின்றன. கப் கேக்கில் பார்த்த அதே கதைதான். எல்லாவற்றிலும் விரிசல், அடியில் சீனித் தண்ணீர் குட்டை கட்டி நின்றது.

மறுநாள் இரண்டே வெள்ளைக்கருவில் சின்னதாக ஒரு சோதனை. கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீர்மேல் வைத்து அடித்தேன், எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு, நுரை முனை லேசாகத் தலை சாய்க்கும்போதே நிறுத்தினேன். விரிசல் விடவில்லை. சாயங்காலம் மூடுபனி இறங்கியது, மறுபடி பிசுபிசுப்பு. ஆக, நுரைப் பாடம் முடிந்தது, வானம்தான் பாக்கி.

மிஞ்சிய மஞ்சள்கரு எல்லாம் பொடிமாஸாகிக்கொண்டிருந்தது. நான்காவது நாள் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டார்.

வானத்துக்குக் காத்திருந்த இடைவெளியில் பிரீசரில் இருந்த பல்லாங்குழிகளுக்கு ஒரு வழி பிறந்தது. உதிர்த்து, ஆரஞ்சுச் சாற்றில் இரண்டு நாள் ஊறிய திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, கன்டென்ஸ்டு மில்க் விட்டுப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்தேன். ரம் ஊற்றலாமா என்ற பேச்சு அத்தை பார்த்த ஒரு பார்வையில் முடிந்தது. மேலே சாக்லேட். அசல் கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டை உருக்கி 27க்கு ஆற்றி மறுபடி 31க்கு ஏற்றுகிற வித்தையை ஒருமுறை முயன்றேன். இந்தக் குளிரில் 31இல் நிறுத்திவைக்க முடியவில்லை. நான்கு உருண்டை முக்குவதற்குள் கூழாகிவிட்டது, மறுநாள் வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் போயிற்று. காம்பவுண்ட் கட்டியை வாங்கி வந்து வேலையை முடித்தேன். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, அந்த ஏற்ற இறக்கம் வேண்டாம். நாக்கில் மெழுகுபோல லேசாகப் படியும். முப்பது பேரில் ஒருவர் கண்டுபிடித்தால் அதிகம்.

டிசம்பர் 17.

விடிகாலை ஜன்னலைத் திறந்தால் வானம் கழுவி விட்ட மாதிரி. எதிரே காலி மனையில் புல் முழுக்க வெள்ளை. பைக் சீட்டில் நகத்தால் கோடு போடலாம். தலைக்குந்தா பக்கமெல்லாம் உப்பு கொட்டின மாதிரி இருக்கிறது என்று பால்காரர் சொன்னார். உறைபனி விழுகிற இரவு மேகமில்லாத இரவு, காற்றிலும் ஈரம் குறைவாகத்தான் இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுக்கட்டும், நான் முட்டை உடைக்கப் போனேன்.

பட்டர் பேப்பர் கூம்பில் நிரப்பி, பிழிந்து, சட்டென்று மேலே இழுத்து மூக்கு. ஓவனில் 100 டிகிரி, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி ஈரம் வெளியேற வழி. ஒன்றரை மணி நேரம் கழித்து அணைத்து, உள்ளேயே ஆற விட்டேன். மத்தியானம் ஒன்றை எடுத்து உடைத்தேன். 'சடக்'கென்று சத்தம். உள்ளே குட்டிக் குட்டி ஓட்டைகள், தேன்கூட்டைக் கிள்ளினது போல. அன்றைக்கே இரண்டு ஈடு போட்டு, எண்ணினால் நூற்றுப் பதினெட்டு. ஆறிய உடனே டின்னில் அடைத்து மூடிக்குச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டேன்.

டிசம்பர் 21: கேரல்.

பதினொன்று ஐந்துக்கு வந்தார்கள். எல்லாம் ஒரே தாம்பாளத்தில். உருண்டைதான் முதலில் தீர்ந்தது. மெழுகைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டாஃபியைச் சிலர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். கிதார் பையனுக்கு என் மகள் மக்ரூனை நேராக வாயிலேயே போட்டுவிட்டாள், அவன் அதை மென்றுகொண்டே அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்தான். பக்கத்து வீட்டுப் படகர் குடும்பத்தில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விரதம், முட்டை ஆகாது. அவர்களுக்கு டாஃபி மட்டும் தனித் தட்டில் போனது.

மிச்சம் பதினொரு மக்ரூன். வெள்ளைத் தட்டில் அடுக்கிப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அந்த நேரத்திலும் விழித்திருந்தாள். உடனே போன்.

"நெறம் நல்லா வந்திருக்கு. மூக்குதான் எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. எடக்கையால பிழிஞ்சியோ?"

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.