கோழியைப் பிடித்தது எது? தடயத்தைப் பார்த்துக் கூண்டைச் சரிசெய்யுங்கள்

கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கிற வீட்டில் ஒன்று காணாமல் போனதும் முதல் பழி தெருநாய் மேல்தான் விழும். உடனே வேலியை உயர்த்துவார்கள். மூன்றாம் நாள் இன்னொன்று போகும். வந்தது மரநாயாக இருந்தால் வேலியின் உயரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அதனால் முதலில் தடயம். இறகு கொத்துக் கொத்தாகச் சிதறி, கோழி இழுத்துச் செல்லப்பட்டிருந்தால் பெரும்பாலும் நாய். பட்டப்பகலில், கழுத்தில் கடிபட்டு, உடம்பு அப்படியே கிடந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம். கீரி பகலில் நடமாடுவது. மரநாய் இரவில் ஓடு, கூரை வழியாக இறங்கும். அடைத்த கூண்டுக்குள் ஒரே இரவில் நாலைந்து கோழிகள் செத்துக் கிடப்பது பெரும்பாலும் அதன் வேலை. குஞ்சு உடம்பெல்லாம் ஈரமாக, எச்சில் பட்டதுபோல் செத்துக் கிடந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து விட்டுவிட்டது. காலில் கடிகாயம் இருந்தால் பெருச்சாளி. ஒரு சுவடும் இல்லாமல் பகலில் குஞ்சு மட்டும் குறைந்தால் வானத்தைப் பாருங்கள்: பருந்து, வல்லூறு, காகம்.

இரவுக்குக் கூண்டுதான் காவல். இங்கே பலரும் செய்கிற தவறு, கடையில் "கோழிவலை" என்று தருகிற அறுகோணக் கண் வலையை நம்புவது. அது கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் பல்லால் பிய்த்துவிடும், பெரிய கண் என்றால் பாம்பும் பெருச்சாளியும் தாராளமாக நுழையும். வேலிக்குப் போடுகிற டைமண்ட் வலையும் கூண்டுக்கு ஆகாது. கம்பி ஓரமாக ஒட்டிப் படுத்திருக்கும் கோழியின் தலையை, வேட்டைக்கு வந்த பிராணி வெளியே இருந்தே இழுத்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். கம்பி 1 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. சட்டத்தில் வெறும் ஆணி அடித்தால் இழுக்க இழுக்கக் கழன்றுவிடும். வாஷர் வைத்துத் திருகாணி போடுங்கள், அரை அடிக்கு ஒன்று.

பத்துக் கோழி அடைய 4 அடிக்கு 4 அடி, 4 அடி உயரம் போதும். 4 அடி அகல மெஷ்ஷில் நான்கு பக்கத்துக்கு 16 அடி, கூரைத் தகரத்துக்குக் கீழே மேல்மூடியாக 4 அடி. இந்த மேல்மூடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுக்கு விடுகிற இடைவெளிதான் மரநாய்க்கு வாசல்.

அடுத்தது தரை. தோண்டுகிற பிராணி சுவர் ஓரத்தில்தான் தோண்டும், இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. 12 அடி மெஷ்ஷை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் 2 அடி அகலத்தில் 24 அடி கிடைக்கும். அதை ஆறடித் துண்டுகள் நான்காக்கி, கூண்டைச் சுற்றி வெளிப்பக்கம் தரையோடு படுக்கவைத்து, ஓரத்தைக் கூண்டுச் சட்டத்தோடு கட்டுக்கம்பியால் கட்டி, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். ஆக மொத்தம் 32 அடி மெஷ். மழைக்காலம் முடிந்ததும் மண் அரித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளிகூட இருக்கக் கூடாது. ஒரு கல்பலகை பதித்தால் தீர்ந்தது. வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு கம்பியும் செருகுங்கள்.

பகல் பாதுகாப்பு வேறு கணக்கு. குஞ்சு பொரித்து முதல் நான்கு வாரம் தாயோடு பஞ்சாரத்தில், மேலே கனமான கல்லோடு இருக்கட்டும். திறந்துவிட்ட பிறகு ஓடி ஒளிய இடம் வேண்டும். மருதாணிப் புதர், தாழ்ந்த அவரைப் பந்தல், சாத்திவைத்த தென்னமட்டை எதுவானாலும் சரி. முருங்கை நிழல் இதற்கு உதவாது. பருந்து தெரிந்ததும் சேவல் ஒரு குரல் கொடுக்கும், நாய் வந்தால் கத்துகிற கத்தலே வேறு. பருந்துக் குரல் கேட்ட நொடியில் குஞ்சுகள் ஓடிப் பதுங்க இரண்டு மூன்று எட்டில் மறைவு இருக்க வேண்டும்.

தலைக்கு மேலே பழைய மீன்வலை கட்டலாம். ஆனால் நைலான் வலையைத் தரை வரை தொங்கவிடாதீர்கள். சாரைப்பாம்பு சிக்கி, நாள் கணக்கில் துடித்துச் சாகும். கீரி, மரநாய், சாரை எல்லாமே 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. விஷம் வைப்பதும் மின்கம்பி இழுப்பதும் குற்றம் மட்டுமல்ல, மயிலும் வீட்டு நாயும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதில் மாட்டலாம்.

பாம்பு வராமல் இருக்க எலியை நிறுத்துங்கள். மிஞ்சிய தீனியை மாலையே எடுத்துவிட வேண்டும், முட்டையை இருட்டுமுன் பொறுக்கிவிட வேண்டும். அடைக்கோழியை முட்டை அடைகாக்கும் 21 நாளும் வீட்டுக்குள்ளோ மூடிய கூண்டிலோ வையுங்கள்.

சூரியன் மறைந்து கோழிகள் தாமாக வந்து அடைந்ததும் எண்ணிப் பார்த்துப் பூட்டுங்கள். ஒன்று குறைந்தால் முதலில் மரக்கிளையைப் பாருங்கள். மரத்தில் அடையப் பழகிய கோழியைப் பகலில் துரத்திப் பிடிக்க முடியாது. நன்றாக இருட்டிய பிறகு கண் தெரியாமல் அசையாது உட்கார்ந்திருக்கும், அப்போது இறக்கிக் கூண்டில் விட்டு, ஒரு வாரம் வெளியே விடாமல் வைத்திருந்தால் பிறகு தானே கூண்டுக்கு வந்துவிடும்.