பூட்டிய ஒன்பது வீடுகள்

திருகோணமலை மாவட்டத்தில் குடும்பங்களின் கடன் நிலையை அறியும் கணிப்பீடு ஒன்றில் களமேற்பார்வையாளராக வேலை செய்தேன். மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்குக் குறித்துத் தந்த 40 வீடுகளில் 9 வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகை வாகனம் ஒரு கிராமத்துக்கு ஒரு நாள்தான். ஆளில்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டை எடுக்கும்படி அலுவலகம் சொல்லியிருந்தது, எடுத்தோம். பொழுது சாயுமுன் 40 படிவங்களும் நிரம்பிவிட்டன. நிறைவோடுதான் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, விடுபட்ட கையெழுத்துகளுக்காக அதே ஊருக்குப் போனேன். தண்ணீர் கொடுத்த அக்கா ஒருவர் சொன்னார்: "தம்பி, நீங்கள் வந்தது செவ்வாய்க்கிழமை. லோன்காரர் வருகிற நாள். கையில் ஃபைலும் தோளில் பையுமாக வந்து நின்றால் இங்கே யார் கதவைத் திறப்பார்கள்?"

கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடன் இந்தப் பக்கத்துப் பெண்களை எப்படி வாட்டுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதை அளக்கத்தானே போனோம்! கடன் கழுத்தை நெரித்தவர்கள் உள்ளே மூச்சடக்கி இருந்திருக்கிறார்கள். நாங்கள் கடன் குறைந்த அயல்வீட்டைத் தட்டிப் படிவத்தை நிரப்பியிருக்கிறோம்.

எங்கள் தெரிவில் பிழை இல்லை என்று நம்பியிருந்தேன். கடலோரம், வயல், பட்டினம் என்று மாவட்டத்தைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எழுமாற்றாக, அதாவது குலுக்கல்போல, வீடுகளை எடுத்திருந்தோம். 1934இல் புள்ளியியலாளர் நெய்மன் கணித அடிப்படை கொடுத்த வழி அது. ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவாகும் வாய்ப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் அதன் பலம். பூட்டிய வீட்டுக்குப் பதில் அயல்வீட்டை எடுத்த கணமே அந்தப் பலம் போய்விடுகிறது.

அலுவலகத்தில் சொன்னபோது, "இன்னொரு கிராமத்தைச் சேர்த்துவிடலாம்" என்றார்கள். எனக்கு ஆற்றவில்லை. 400 பேரிடம் கேட்டால் விடை உண்மையிலிருந்து ஏறக்குறைய 5 சதவீதம் கூடக் குறைய வரும். 1600 பேரிடம் கேட்டால் அது பாதியாகும். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு தற்செயலான பிழையைப் பற்றியது. ஒரே பக்கம் சாய்ந்த பிழை எத்தனை பேரைச் சேர்த்தாலும் சாய்ந்தே நிற்கும்.

1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு வாக்கு என்று கேட்டு ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பி, 23 இலட்சத்துக்கும் மேல் பதில் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 சதவீத வாக்குகளுடன் வென்றார். கணிப்பு பிழைத்ததற்கு, சீட்டு அனுப்பப் பயன்படுத்திய தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியலே காரணம் என்றுதான் எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். ஆனால் சீட்டுக் கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்களே பெரிய காரணம் என்று 1988இல் வந்த ஆய்வொன்று காட்டியது. இதை ஏன் அழுத்திச் சொல்லித் தருவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

பேசாதவர்களை என்ன செய்வது? 1946இல் ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற புள்ளியியலாளர் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். கிடைக்காதவர்களுக்குள்ளேயே எழுமாற்றாகச் சிலரை எடு. எவ்வளவு அலைந்தாலும் அவர்களைச் சந்தி. கணக்கில் மற்றவர்களுக்கும் சேர்த்து அவர்களுக்கு நிறை கொடு. எத்தனையோ நாள் சண்டை பிடித்து இதற்கு அனுமதி வாங்கினேன். அயல்வீட்டுப் படிவங்கள் 9ஐயும் படிவக் கட்டிலிருந்து நீக்கினேன். 9 வீட்டு இலக்கங்களையும் துண்டுத் தாளில் எழுதிக் குலுக்கி 3 எடுத்தோம். ஒவ்வொரு வீடும் இனி 3 வீடுகளுக்காகப் பேச வேண்டும்.

கேள்வியிலும் கோணல் இருந்தது. "மாத வருமானம் எவ்வளவு?" கடலுக்குப் போகிறவருக்கு நாள்கணக்கு, வயல் செய்கிறவருக்குப் போகக்கணக்கு. மாதம் என்பது அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் எங்களுடைய கணக்கு. அதைத் திருத்த நேரம் இருக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம், ஃபைல் இல்லாமல், அயலூர்த் தங்கை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வீட்டார் கிண்ணியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால்தான் அன்று வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் மூன்று முறை அலைந்த பிறகே பேசினார்கள். மூன்றாவது வீட்டு அம்மா தங்கையோடு நெடுநேரம் பிள்ளைகளைப் பற்றியே கதைத்தார். பிறகு எழுந்துபோய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்து, பாயில் நான்கு கடன் புத்தகங்களை வரிசையாக வைத்தார்.

எங்கள் படிவத்தில் கடனுக்கென்று இரண்டு வரிகள்தான் இருந்தன. மற்ற இரண்டையும் தங்கை தாளின் பின்பக்கத்தில் எழுதினார்.