கொட்டேஷனில் அடிபட்ட வரி

இன்னிக்கு மேடவாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட் பிராஜெக்ட் மீட்டிங். பில்டர் கொட்டேஷனை வாங்கினார். பசுமைச் சான்றிதழ்னு (கட்டடம் கரண்ட், தண்ணியை மிச்சப்படுத்துதுன்னு தர்ற சான்று) இருந்த வரியை மட்டும் சிவப்புப் பேனாவால அடிச்சார்.

"செலவு பண்றது நான். கரண்ட் பில் மிச்சமாகறது வாங்கறவங்களுக்கு. எனக்கு என்ன சார் லாபம்?"

அவர் கணக்குல தப்பில்ல. அதான் வேதனை.

பிளான்ல மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மே மாசம் மூணு மணி வெயில் நேரா ஹால்ல இறங்கும். ஏசி இல்லாம உட்கார முடியாது. அந்த பில்லைக் காலம் முழுக்கக் கட்டப்போறவர் இந்த மீட்டிங்லயே இல்ல.

அடுத்த முட்டுக்கட்டை, பேப்பர். இந்தச் சான்றிதழ் தர்ற ஐஜிபிசியோ கிரிஹாவோ, பொருளுக்கெல்லாம் ஆவணம் கேட்பாங்க. நம்ம சைட்டுக்கு எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யற மணல்) இறக்கற லாரிக்காரர் தர்றது வண்டி நம்பர் எழுதின துண்டுச் சீட்டு. ஓஎம்ஆர் ஐடி பார்க்குன்னா இதைப் பார்க்கவே தனி ஆள் வைப்பாங்க. பன்னிரண்டு வீடு கட்டறவர் யாரை வைப்பார்?

2003-ல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினது இதே தமிழ்நாடுதான். அதே மாதிரி ஜன்னலுக்கு மேல சன்ஷேடு, குறுக்குக் காற்றோட்டம், மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, இவ்வளவையாவது பிளான் அப்ரூவல்லயே கேட்கணும். சின்ன பில்டருக்குச் சான்றிதழ் கட்டணத்தை அரசே ஏத்துக்கணும்.