ட்ரெட்மில்லை விட்டு இறங்கிய பிறகு வரும் அந்த ஒரு நிமிடம்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஐந்தாவது வாரம் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், மொத்தம் 12 வாரம். முதல் நாள் என் கவலையெல்லாம் எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் என்பதில்தான் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் அம்மா அதைப் பேருக்குக் குறித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து நான் மெதுநடைக்கு வந்ததும்தான் திரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். உச்சத்தில் 118 இருந்த துடிப்பு ஒரு நிமிடம் கழித்து 109. "ஒன்பதுதான் இறங்கியிருக்கு சார், பன்னிரண்டுக்கு மேல இறங்கணும்" என்றார்.

அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே, இது என்ன புதுக் கணக்கு என்று எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது இதுதான். இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 என்று காட்டுகிறதென்றால், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு பிரேக்கில் கால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். மாரடைப்புக்குப் பிறகு இந்தப் பிரேக் தளர்ந்து, முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் கை ஓங்கிவிடும். ஏற்கெனவே அடிபட்ட தசைக்கு ஆக்சிஜன் தேவை கூடும், தாளம் தப்பும் அபாயமும் கூடும். ஓடி நின்றதும் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது அந்தப் பிரேக்கைப் பரிசோதிக்கிற மாதிரி.

எனக்கு இது உறைத்தது பக்கத்து ட்ரெட்மில்காரரைப் பார்த்துத்தான். அவருக்கு மாற்று இதயம். உட்கார்ந்திருக்கும்போதே 95. நடக்க ஆரம்பித்தால் உடனே ஏறாது, சில நிமிடம் கழித்துத்தான் ஏறும், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் அடம்பிடிக்கும். அறுவை சிகிச்சையில் நரம்புகள் அறுபட்டுவிட்டதால் ரத்தத்தில் வரும் அட்ரினலின் என்ற ஹார்மோனை நம்பித்தான் அந்த இதயம் ஓடுகிறதாம். "எனக்கு பிரேக் வயரே கிடையாதுங்க" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். துடிப்பை அடக்கி வைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்டால் கை ஜில்லென்று ஆகிறது, அசதியாக இருக்கிறது என்று நானே மூன்று நாள் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி படுத்திருக்கும்போதே நெஞ்சு திமுதிமுவென்று அடித்தது. மறுநாள் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை அந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது, திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்துப் பாயும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

மற்றபடி நடை, சைக்கிள், மறுபடி நடை. சொல்ல ஒன்றும் இல்லை, சலிப்புதான். மூச்சுப் பயிற்சி மட்டும் பிடித்திருந்தது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால், மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி லேசாக விரைகிறது, வெளியே விடும்போது தயங்கித் தயங்கி வருகிறது. பிரேக் போடப்படுவதை விரல் நுனியில் தொட்டுப் பார்ப்பது போல.

எங்கோ படித்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் 5 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் விட்டு, இப்படி நாலு முறை செய்தால் இதயத்துக்குப் பாதுகாப்பாமே என்று டாக்டரிடம் கேட்டேன். விலங்குகளில் வேலை செய்தது, நரம்பை வெட்டினால் பலன் போய்விடுவதையும் பார்த்திருக்கிறார்கள், அதாவது கையிலிருந்து நரம்பு வழியாகவும் செய்தி போகிறது என்றார். ஆனால் 2019-ல் 5,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் செய்து பார்த்ததில் இதய மரணமோ இதயச் செயலிழப்போ குறையவில்லையாம். ஆகவே வீட்டில் பட்டையை இறுக்கிக்கொண்டு உட்காராதீர்கள் என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், சும்மா உட்கார்ந்தே பலன் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

கடைசி நாள் சோதனையில் உச்சம் 124, ஒரு நிமிடத்தில் 107. பதினேழு. பிசியோதெரபிஸ்ட் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். பக்கத்து ட்ரெட்மில்காரர் எட்டிப் பார்த்து, "அட, வயர் பிடிச்சிருச்சே!" என்றார். அவர் இறங்கி ஒரு நிமிடம் ஆகியிருந்தது, அவருடைய திரையில் எண் அப்போதும் இறங்கவே ஆரம்பிக்கவில்லை.